சந்தியோகு: பெயருக்குள் இருக்கும் பெயர்

கேள்வி:

ஐயா, என் ஊர் மன்னார்த் தீவில் பேசாலை. என் அப்பப்பாவின் பெயர் சந்தியோகு. எனக்குப் பிள்ளை பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. ஆண்பிள்ளை என்றால் அப்பப்பாவின் பெயர்தான் என்று அப்பா இப்போதே சொல்லிவிட்டார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்குப் படிப்பித்த தமிழாசிரியர் ஒருவரிடம் கேட்டேன். சந்தி, யோகம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்து வந்திருக்கும் என்றார். ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் வேறு கதை சொல்கிறார். அது போர்த்துக்கேயர் கொண்டுவந்த யூதப் பெயராம். எங்கள் பரம்பரையிலும் யூத இரத்தம் இருக்கக்கூடும், எச்சிலை எடுத்து அனுப்பிப் பரிசோதித்தால் தெரிந்துவிடும் என்கிறார். அம்மாச்சியோ, 'அது சந்தியோகுமையோர், குதிரையில் வரும் அர்ச்சியசிட்டவர், அவ்வளவுதான்' என்று முடித்துவிட்டார். இந்த மூவரில் யார் சரி? 'மையோர்' என்றால் என்ன? பிறப்புப் பதிவில் பெயரை எப்படி எழுதுவது?

பதில்:

அன்பு மகளுக்கு, அம்மாச்சி சரி. அண்ணா பாதி சரி. ஆசிரியர் பிழை, ஆனால் அவருடையது நல்ல பிழை. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

தெரியாத சொல் ஒன்று காதில் விழுந்தால் அதைத் தெரிந்த சொற்களாக உடைத்துப் பார்ப்பது எல்லா மொழிக்காரருக்கும் உள்ள பழக்கம். சந்தியும் யோகமும் நமக்குத் தெரிந்தவை, ஆகவே அங்கே கத்தி விழுந்துவிட்டது. பெயர் உண்மையில் முறிகிற இடம் ஓரெழுத்துக்கு முன்னால் இருக்கிறது. 'சந்தி' என்று நிறுத்தாமல் 'சந்த்' என்று நிறுத்திப் பாருங்கள். சந்த், இயாகு. முன்பாதி பெயரே அல்ல. போர்த்துக்கேய மொழியில் 'சாந்து' என்றால் புனிதர். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அதன் கடைசி உயிர் உதிர்ந்து 'சாந்த்' ஆகி ஒட்டிக்கொள்ளும். நம்முடைய குற்றியலுகரம் உயிர் வந்தால் மெய்யை விட்டுவிட்டு ஓடுவதைப் போலத்தான். ஒட்டிக்கொண்ட மறுபாதிதான் இயாகு. அதுவே யாக்கோபு. ஆகவே உங்கள் அப்பப்பாவின் பெயருக்கு நேர்ப்பொருள் 'புனித யாக்கோபு'.

அப்படியென்றால் 'புனித சந்தியாகு' என்று நாம் சொல்லும்போதெல்லாம் 'புனித புனித யாகு' என்று இரண்டு முறை வணங்குகிறோம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. சென்னையில் சாந்தோம் என்ற இடத்தில் இருப்பது 'சாந்தோம் பேராலயம்'. அந்த 'சான்' என்பதும் 'புனிதர்' என்ற இதே சொல்தான், 'தோம்' என்பது தோமையார். நம் மாதோட்டத்துக் கூத்து மரபிலோ அவர் 'சந்தொம்மையார்'. அண்ணாவிமார் பழக்கிய வாசாப்பு நாடகங்களில் அவர் பெயரிலேயே ஒன்று உண்டு. முன்னால் 'சந்', பின்னால் 'யார்' என்று இரு பக்கமும் மரியாதை போட்டு, நடுவில் தோமையைச் சிறிதாக வைத்த பெயர் அது.

பெயரை நாம் முழுதாக விழுங்கினோம். போர்த்துக்கேயரோ அதைத் தாங்களே பிழையாக வெட்டினார்கள். 'சாந்த் இயாகு' என்று இருந்ததை 'சான் தியாகு' என்று பிரித்துவிட்டார்கள். புனிதரின் வாலில் இருந்த 'த்' பெயரின் தலைக்குப் போய்விட்டது. தியாகு என்ற போர்த்துக்கேய ஆண்பெயர் பிறந்தது இப்படித்தான். பிரேசில் அணியில் விளையாடிய தியாகோ சில்வாவின் பெயர் அதுதான். மன்னாரில் உதைபந்தாட்டம் பார்க்காத வீடு குறைவு, ஆகவே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் உங்கள் அப்பப்பாவும் ஒரே பெயர்க்காரர்கள். மரடோனாவின் 'டியேகோ'வையும் பலர் இந்தக் குடும்பத்தில்தான் சேர்ப்பார்கள். சிலர் அது தனி வேர் என்பார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: தியாகராசாவைச் சுருக்கி நாம் கூப்பிடுகிற 'தியாகு' வேறு. அதற்கும் இதற்கும் ஒலியைத் தவிர ஓர் உறவும் கிடையாது.

இனி யாக்கோபுக்கு வருவோம். இது எபிரேயச் சொல். வேதாகமத்தின் தொடக்கநூல் 25ஆம் அதிகாரத்தில் ரெபேக்காளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். முதலில் ஏசா வருகிறான். இரண்டாவது பிள்ளை தமையனின் குதிகாலைப் பிடித்தபடி வெளியே வருகிறது. எபிரேயத்தில் குதிகாலுக்குப் பெயர் 'அகேப்'. அதனால் பிள்ளைக்கு 'யாக்கோபு' என்று பேர் வைத்தார்கள் என்கிறது கதை. பின்னால், தலைமகன் உரிமையும் போய், தகப்பனின் ஆசீர்வாதமும் போன பிறகு, ஏசா அந்தப் பெயரையே திருப்பிக் கடிக்கிறான். பொருத்தமாய்த்தான் பேர் வைத்தார்கள், இரண்டு தரம் என் காலை வாரிவிட்டான் என்ற கருத்தில் அழுகிறான். அந்த மொழியிலும் குதிகாலைப் பிடிப்பதற்கும் ஏமாற்றுவதற்கும் ஒரே வேர்.

பிள்ளைக்கு 'குதிகால் பிடித்தவன்' என்றா பேர் வைப்பது என்று நீங்கள் யோசிப்பது கேட்கிறது. பொறுங்கள். வேதாகமம் சொல்வது பெயருக்கான கதை. மொழியறிஞர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். பழைய செமித்திய மொழிகளில் இந்த வேருக்குக் காத்தல் என்ற பொருளும் உண்டு. எதியோப்பியாவின் பழைய மொழியில் அந்தப் பொருள் வெளிப்படையாகவே இருக்கிறது. செமித்திய மொழிகளில் ஆட்பெயர்கள் பல ஒரு வினையும் தெய்வப்பெயரும் சேர்ந்து வரும். 'யாக்கோபு-ஏல்' என்றால் 'இறைவன் காப்பானாக' என்று ஆகும். அதில் ஏல் உதிர்ந்து முன்பாதி மட்டும் வழக்கில் நின்றது என்பது அவர்கள் கணக்கு. இதற்குத் துணையும் இருக்கிறது. எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் மரபினரில் யாக்குப்-ஹர் என்ற பெயருடைய ஒருவரின் முத்திரைகள் கிடைத்திருக்கின்றன. ஏசாவும் குதிகாலும் இல்லாமலே இந்தப் பெயர் அங்கே புழங்கியிருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள். அப்பா கேட்டால் 'இறைவன் காப்பானாக' என்று சொல்லுங்கள். பிள்ளை வளர்ந்து தமையனோடு சண்டை பிடிக்கும் வயதில் குதிகால் கதையைச் சொல்லிக் கொடுக்கலாம்.

எபிரேயத்திலிருந்து பேசாலைக்கு அந்தப் பெயர் எப்படித் தேய்ந்து தேய்ந்து வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எபிரேயத்தில் 'யா'வுக்கும் 'க்கோ'வுக்கும் நடுவே தொண்டைக்குள்ளிருந்து எழும் ஒலி ஒன்று உண்டு, அரபியில் 'ஐன்' என்பார்கள். கிரேக்கருக்கு அது வாயில் வரவில்லை, விட்டுவிட்டார்கள். இலத்தீனில் 'இயாக்கோபுஸ்' ஆனது. ஐபீரியக் குடாவில் மக்கள் வாயில் புழங்கப் புழங்க நடுவில் இருந்த வல்லொலி 'க' மெலிந்தது, கடைசியில் இருந்த 'ப' கரைந்தே போயிற்று. மிஞ்சியது இயாகு. கடைசி உயிரைப் போர்த்துக்கேயர் 'ஓ' என்று எழுதுவார்கள், ஆனால் வாயில் அது மெலிந்து 'உ'வுக்குப் பக்கத்தில் ஒலிக்கும். நமக்கும் அங்கே உகரம்தான் வசதி. நீங்கள் தினமும் பாவிக்கும் சொற்களைப் பாருங்கள்: உட்காரும் வாங்கு, காலில் போடும் சப்பாத்து, பழைய எழுத்தில் பெர்னாந்து. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. 'பெர்னாண்டோ', 'சந்தியாகோ' என்று ஓகாரத்தில் முடிப்பது ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் கொண்டுவந்தது. காதால் கேட்டு வாங்கிய பெயர் சந்தியாகு. அது எங்கள் கரையில் கொஞ்சம் உருண்டு சந்தியோகு ஆனது.

இன்னொரு நுட்பமும் உண்டு. எபிரேயத்தில் 'ய' என்று தொடங்கும் பெயர்கள் போர்த்துக்கேய மொழிக்குள் வந்தபோது அந்த 'ய', சொல்லின் முதலில் நிற்கும் இடங்களில், 'ஜ'வுக்கும் 'ஷ'வுக்கும் இடைப்பட்ட ஒலியாக மாறிவிட்டது. தமிழர் அதைச் சகரமாகக் கேட்டார்கள். அதனால்தான் யேசுவா என்ற எபிரேயப் பெயர் நம் பழைய செபப் புத்தகங்களில் 'சேசு' என்று இருக்கும். யோசேப்பு 'சூசை' ஆனதும் அதே வழிதான். யாக்கோபும் பழைய ஏற்பாட்டு வடிவத்திலேயே வந்திருந்தால் 'சக்கோ' என்று ஏதோ ஆகியிருக்கும். முன்னால் 'சாந்த்' ஒட்டி நின்றதால் 'ய' சொல்லின் நடுவே மறைந்து தப்பியது என்று நான் நினைக்கிறேன். புனிதர் பட்டம் ஓர் எழுத்தைக் காப்பாற்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பழைய எழுத்துமுறை வேறொரு வேடிக்கை செய்தது. ஆங்கிலத்தின் 'ஜே' வரும் இடமெல்லாம் நாங்கள் 'ய' போட்டோம்: யூலை, யோசப், யேம்ஸ். ஆங்கிலேயரின் ஜேம்ஸும் யாக்கோபுதான், இலத்தீன் வடிவம் 'இயாக்கோமுஸ்' என்று திரிந்து பிரான்சு வழியாகப் போனது. யேம்ஸ் என்று எழுதிய யாழ்ப்பாணத்தான் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய எபிரேய முதலெழுத்தைத் தெரியாமலே மீட்டுக் கொடுத்துவிட்டான்.

இப்போது மையோர். இது 'பெரியவர், மூத்தவர்' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல். இயேசுவின் பன்னிரு சீடரில் யாக்கோபு என்ற பெயரில் இருவர் இருந்தார்கள். செபதேயுவின் மகன் ஒருவர், அல்பேயுவின் மகன் இன்னொருவர். குழப்பம் வராமல் முதலாமவரைப் பெரிய யாக்கோபு என்றார்கள். அதுவே 'சந்தியாகு மையோர்'. இது தமிழ்க் காதில் விழுந்தபோது என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். '-ஓர்' என்ற முடிவு நமக்கு ஏற்கெனவே மரியாதை: சான்றோர், முன்னோர். அந்நியச் சொல்லின் கடைசி எழுத்து தமிழ் மரியாதைப் பன்மையாகவே வந்து நின்றுவிட்டது. பெரும்பாலோர் அதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாகச் சொன்னதற்கு அதுவும் காரணம். மாதோட்டத்தின் 'என்றிக்கு எம்பரதோர்' கூத்தில் சக்கரவர்த்தியைக் குறிக்கும் எம்பரதோரும் இதே வகை. நத்தாரும் அப்படித்தான், கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் போர்த்துக்கேய 'நத்தால்' நம் வாயில் ஆர் விகுதி பெற்று ஒரு பெரிய மனிதரைப் போல ஆகிவிட்டது.

இந்தப் பெயர் தமிழில் எவ்வளவு ஊன்றியது என்பதற்கு ஓர் அம்மானையே சாட்சி. தெல்லிப்பழை பேதுருப் புலவர் 1647இல் பாடிய 'சந்தியோகுமையோர் அம்மானை' ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியத்தில் கிடைக்கும் மிகப் பழைய நூல்களில் ஒன்று. கடனீரேரிக் கரையில் இருக்கும் கிளாலிக் கோயிலின் புனிதர்மேல் பாடியது. யாழ்ப்பாண நகரில் குருநகரில் இருப்பதும் இவர் கோயில்தான், அங்கே யாகப்பர் என்பார்கள். 1993 நவம்பரில் குண்டு வீசப்பட்டது அந்தக் கோயில்மேல்தான். தலைமன்னாருக்கு எதிர்க்கரையில், இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வேர்க்காடு என்ற இடத்திலும் இவருக்குப் பெரிய கோயில் உண்டு. யூலை 25 திருநாளுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் கூடும் கோயில் அது. அங்கே 'சந்தியாகப்பர்' என்கிறார்கள். யாகப்பர், சந்தியாகப்பர் என்ற வடிவங்களில் யாக்கோபின் பகரம் திரும்பிவந்து, தமிழின் அப்பரோடு கைகோத்துக்கொண்டது. ஒரே கடலின் இரண்டு கரையில் ஒருவருக்கே இத்தனை வடிவம்.

அம்மாச்சி சொல்லும் குதிரையையும் விட்டுவிட முடியாது. வேதாகமத்து யாக்கோபு குதிரை ஏறியவர் அல்லர். கலிலேயாக் கடலில் தகப்பனோடும் தம்பியோடும் படகில் இருந்து வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டவர். பேசாலைக் கரையில் எந்தக் காலையிலும் பார்க்கக்கூடிய காட்சி. கி.பி. 44 அளவில் ஏரோது அகிரிப்பா அவரை வாளால் வெட்டுவித்தான். பிறகு எட்டு நூறு வருடம் கழித்து, ஐபீரியக் குடாவின் வடமேற்கு மூலையில் அவருடைய கல்லறை கிடைத்ததாக நம்பிக்கை எழுந்தது. அந்த இடம்தான் யாத்திரிகர் இன்றும் நடந்து போகும் சந்தியாகோ தெ கொம்போசுதேலா. முஸ்லிம் அரசுகளோடு போர் நடந்த நூற்றாண்டுகளில் மீனவரை வெள்ளைக் குதிரையில் ஏற்றிக் கையில் வாளைக் கொடுத்துவிட்டார்கள். 'சந்தியாகு!' என்று கத்திக்கொண்டு பாய்வது போர்த்துக்கேயப் படையின் வழக்கமானது. அந்தக் கூச்சல் கடல் கடந்து இந்தியக் கரைகளுக்கும் வந்தது. தென்னமெரிக்காவில் சிலியின் தலைநகர் முதல் எத்தனையோ ஊர்கள் இந்தப் பெயரைச் சுமப்பது ஸ்பானியப் படைகளின் கைவரிசை. எனக்கு ஒரு சின்ன ஆறுதல்: கொம்போசுதேலா யாத்திரிகரின் அடையாளம் வாள் அல்ல, விசிறிபோல விரிந்த ஒரு சிப்பி. மன்னார்க் கரைக்குப் போர்த்துக்கேயர் வந்ததும் சிப்பிக்காகத்தான், நம்முடைய முத்துச் சலாபத்துக்காக.

அண்ணாவின் கதைக்கு வருகிறேன். எபிரேயப் பெயர் என்பது சரி. அதிலிருந்து யூத இரத்தத்துக்குத் தாவியதுதான் பிழை. கிறிஸ்தவம் பரவிய நாடெல்லாம் எபிரேயப் பெயரும் பரவியது. மரியாள், அன்னம்மா, மிக்கேல், கபிரியேல், லாசரு, சீமாம்பிள்ளை எல்லாம் எபிரேய வேரில் கிளைத்தவை. வங்காலைக் கோயிலின் அன்னம்மாள் எபிரேயத்தில் 'ஹன்னா', அருள் என்று பொருள். மிக்கேல் என்பது ஒரு கேள்வி: 'இறைவனுக்கு நிகர் யார்?' சீமானின் வேர் கேட்டல், 'அவர் செவிசாய்த்தார்' என்ற கருத்து. சூசை என்றால் 'இன்னும் சேர்ப்பாராக', அதாவது இன்னொரு பிள்ளையும் தருவாராக. இவர்களை எல்லாம் யூத வழி என்று எடுத்தால் மன்னாரில் கத்தோலிக்க வீடு ஒன்றும் மிஞ்சாது. மறுபக்கம், போர்த்துக்கேய வாடை அடிக்கும் பெயரெல்லாம் எபிரேயமும் அல்ல. குரூஸ் இலத்தீன், சிலுவை. பெர்னாந்துவும் லெம்பேட்டும் ஜெர்மானிய வேர். சவிரிமுத்துவின் சவேரியார் என்பது ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் இடையில் வாழும் பாஸ்க் மக்களின் மொழியில் 'புதுவீடு', அவர் பிறந்த கோட்டையின் பெயர். அந்தோனி பழைய ரோமக் குடிப்பெயர்.

பெயர்கள் இங்கே வந்த விதம் பரம்பரை அல்ல, திருமுழுக்கு. 1544இல் பிரான்சிசு சவேரியார் அனுப்பிய குருவானவர் மன்னாரில் ஞானஸ்நானம் கொடுத்தார். அதைக் கேட்டு யாழ்ப்பாண மன்னன் சங்கிலி அறுநூறு பேரளவில் கொல்லுவித்தான். தோட்டவெளியில் வேதசாட்சிகளின் மாதாவை நாங்கள் கும்பிடுவது அந்த நினைவில். 1560இல் போர்த்துக்கேயரின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ தெ பிரகன்சா யாழ்ப்பாணத்தை முழுதாகப் பிடிக்க முடியாமல் திரும்பும் வழியில் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார். எதிர்க்கரைப் புன்னைக்காயலில் இருந்து பரதவக் குடும்பங்களும் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்டன. கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் நடக்கும்போது பெயர் கொடுப்பவர் பாதிரியார், அல்லது ஞானத்தகப்பனாக வந்து நிற்கும் போர்த்துக்கேயர். கோட்டையில் இருந்தவன் பெயர் சந்தியாகு என்பதால் கரையில் நின்றவனும் சந்தியாகு ஆனான். கடலோடியின் உடம்பு அதே உடம்பு, வலையும் அதே வலை.

உண்மையான யூத வம்சத்தவரும் அந்தக் கப்பல்களில் வந்தார்கள். ஆனால் அவர்களைப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் விசேசம். 1492இல் ஸ்பெயின் யூதரைத் துரத்தியபோது பெருந்தொகையினர் போர்த்துக்கலுக்குள் ஓடிவந்தார்கள். ஐந்தே வருடத்தில், 1497இல், மனுவேல் மன்னர் அவர்களைக் கட்டாயப்படுத்தி ஞானஸ்நானம் கொடுப்பித்தார். 'புதுக் கிறிஸ்தவர்' என்று அவர்களுக்குப் பெயர். மறைந்து வாழ வேண்டியவர்கள் ஊரோடு ஒத்த பெயர்களை எடுத்தார்கள்: பெர்னாண்டஸ், மெண்டஸ், நூனஸ், என்ரீக்கஸ். பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பிப்போய்ப் பழைய மதத்துக்குத் திரும்பியவர்கள் யாக்கோபு, ஈசாக்கு, ஆபிரகாம் என்று வேதாகமப் பெயரைத் திரும்ப எடுத்தார்கள். சந்தியாகு என்று ஒருவரும் திரும்பவில்லை. ஏனென்றால் அது எபிரேயச் சொல்லாலான மிகமிகக் கத்தோலிக்கமான பெயர்.

அப்படிப் புதுக் கிறிஸ்தவ வழியில் வந்த ஒருவரைத் தமிழ் உலகம் நன்றாக அறியும். அவர் என்ரீக்கே என்ரீக்கஸ், நம்மவர் வாயில் அண்டிரிக்கு அடிகளார். யூத வழி என்ற காரணத்தாலேயே பிரான்சிஸ்கன் சபை அவரை வைத்துக்கொள்ளவில்லை. இயேசு சபை ஏற்றுக்கொண்டது. முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டு வாழ்ந்தார், பரதவர் இடம்பெயர்ந்த காலத்தில் மன்னாரிலும் பணிபுரிந்தார். 1578இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' இந்திய மொழி எழுத்துகளில் அச்சான முதல் நூல்களின் வரிசையில் வருகிறது. 1586இல் புனிதர்களின் வரலாறுகளைத் தமிழில் பெரிய புத்தகமாகவே கொடுத்தார். மன்னார்க் கோட்டை எழுந்த அதே 1560இல் கோவாவில் விசாரணை மன்றம் தொடங்கியது, மறைந்து யூதமதம் கைக்கொள்வோரைத் தேடிப்பிடிப்பது அதன் முதல் வேலைகளில் ஒன்று. இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எபிரேயப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் உட்கார வைத்தவர்களுள் முதன்மையானவர் எபிரேயரின் வழித்தோன்றல், அவர் பெயரோ சுத்த ஜெர்மானியப் பெயர். உங்கள் அப்பப்பா தமிழ்க் கடலோடி, அவர் பெயர் எபிரேயம். அண்ணாவின் கணக்கு எங்கே தலைகீழாகிறது என்று புரிகிறதல்லவா?

அண்ணா அப்படி நினைத்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். நமக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயரை முன்னால் போடுகிறோம். வெளிநாட்டுப் படிவங்களில் அது கடைசிப் பெயராகி, தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பரம்பரைப் பெயர்போலத் தோன்றும். பெரியப்பா அங்கே 'சந்தியோகு' என்ற கடைசிப் பெயரோடு பதிந்திருந்தால், அண்ணாவின் கண்ணுக்கு அது நூற்றாண்டுகள் பழைய வம்சப் பெயராகத் தெரிவது இயல்பு. உண்மையில் அது ஒரே ஒரு மனிதரின் பெயர், உங்கள் அப்பப்பாவுடையது. எச்சிலை அனுப்புவது அண்ணாவின் காசு, அண்ணாவின் விருப்பம்.

இதே பெயர் வேறு வழிகளிலும் மன்னாருக்கு வந்திருக்கிறது. முஸ்லிம்கள் வாழும் எருக்கலம்பிட்டிப் பக்கம் போனால் யாக்கூப் என்ற பெயரில் ஆள் இருப்பார். குர்ஆனிலும் யாக்கூப் இறைத்தூதர்தான். அந்தப் பெயர் போர்த்துக்கலைச் சுற்றாமல் அரபுக் கடல் வழியாக நேரே வந்தது. ஆகவே தேய்வு குறைவு, பகரமும் பத்திரம். சீர்திருத்த சபை வீடொன்றில் ஜேக்கப்பையோ யேம்ஸையோ காணலாம். நாலு பேரும் ஒரே மீன்சந்தையில் நின்று பேசினாலும் தாங்கள் ஒரே பெயர்க்காரர் என்று தெரியாது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பழைய ஏற்பாட்டவருக்கு ஒரு வடிவம், புதிய ஏற்பாட்டவருக்கு வேறொரு வடிவம். ஆங்கிலத்தில் ஜேக்கப், ஜேம்ஸ் என்று பிரிந்ததைப் போல. தமிழ் வேதாகமமோ இருவரையும் யாக்கோபு என்றே எழுதி, பிரிந்ததைச் சேர்த்துவிட்டது.

பதிவுக்கு வருவோம். 'சந்தியாகோ' வேண்டாம். அது அப்பப்பாவின் பெயர் அல்ல, தொலைக்காட்சியின் பெயர். அவரைச் 'சந்தியோகு' என்றுதான் ஊர் கூப்பிட்டதென்றால் பிள்ளைக்கும் அப்படியே எழுதுங்கள். பேரன் என்ற சொல்லே பெயரைக் கொண்டவன் என்ற கருத்தில் வந்ததுதானே. ஆங்கில எழுத்தில் எப்படிக் கூட்டுவதென்று முதல்நாளே ஒன்றைத் தீர்மானித்து, பிறப்புப் பதிவு, ஞானஸ்நானப் பத்திரம், பிறகு வரும் அடையாள அட்டை எல்லாவற்றிலும் ஓரெழுத்தும் மாறாமல் அதையே வையுங்கள். எழுத்து மாறியதால் கடவுச்சீட்டுக்கு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களில் நானும் ஒருவன்.

அப்பப்பாவின் ஞானஸ்நானப் பதிவைக் கோயிலில் தேடிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்று சொல்லி வைக்கிறேன். பழைய பதிவேடுகளில் குருவானவர்கள் சில வேளை பெயரை இலத்தீனில் மாற்றி எழுதிவிடுவார்கள். சந்தியோகு என்ற பிள்ளை அங்கே 'யாக்கோபுஸ்' என்று இருக்கக்கூடும், ஆங்கிலம் எழுதியவர் கைபட்டிருந்தால் 'ஜேம்ஸ்'. ச வரிசையில் இல்லையென்று பதிவேட்டை மூடிவிடாமல், பங்குத் தந்தையிடம் சொல்லி ய வரிசையையும் ஜ வரிசையையும் புரட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் தகப்பன் பெயரும் ஞானத்தகப்பன் பெயரும் இருக்கும், அதை வைத்து அவர்தானா என்று பிடித்துவிடலாம்.